மோஸ்தார் பாலத்த கட்டிக் குடுத்தா சமாதானம் வந்துருமா?

போஸ்னியா போர்ல 1993ல ஷெல் அடிச்சு உடைச்ச மோஸ்தார் ஊரோட பழைய பாலத்த, வேர்ல்ட் பேங்க், யுனெஸ்கோன்னு பல பேர் சேந்து 2004ல திரும்ப கட்டிட்டாங்க. இந்த உதவியெல்லாம் நிஜமாவே மக்கள சேக்குதா, இல்ல போட்டோவுக்குத்தானா?

பதில் 1: பாலம் நிக்குது, ஊர்தான் இன்னும் ரெண்டா கிடக்கு. போஸ்னியால சில ஸ்கூல்ல பில்டிங் ஒண்ணு, ஆனா போஸ்னியாக் (முஸ்லிம்) பசங்களுக்கு ஒரு வாசல், குரோட் (கத்தோலிக்க) பசங்களுக்கு வேற வாசல், சிலபஸும் வேற. மோஸ்தார்ல 2008க்கு அப்புறம் உள்ளாட்சி தேர்தலே 2020லதான் நடந்துச்சு, கேட்டா சிரிப்பீங்க.

பதில் 2: ஒரேயடியா அப்படி தள்ளிடாதீங்க ப்ரோ. போர்ல பறிபோன வீடுங்க கிட்டத்தட்ட 2 லட்சம் சொந்தக்காரங்க கைக்கே திரும்ப வந்துச்சே, வெளிநாட்டுக்காரங்க காசோட சட்டத்தையும் பிடிச்சு நெருக்குனதாலதான் அது நடந்துச்சு.

பதில் 3: வந்துச்சு சரி, அதுல நெறைய பேர் வித்துட்டு போயிட்டாங்க. அங்க வேல இல்லாம வீட்ட வச்சு என்ன பண்றது?