திரிபோலிப் போரில் வாக்னர்: தனியார் படையா, அரசின் படையா?

கேள்வி: மருதன்

கிழக்கு லிபியாவின் படைத்தளபதி கலீஃபா ஹஃப்தார் 2019 ஏப்ரலில் தலைநகர் திரிபோலியைக் கைப்பற்றப் படையெடுத்ததிலிருந்து 2020 அக்டோபர் போர்நிறுத்தம் வரையிலான லிபிய உள்நாட்டுப் போரைப் பற்றிப் படித்துவருகிறேன். ஹஃப்தாரின் பக்கம் ரஷ்யாவின் வாக்னர் குழு என்னும் தனியார் படை நிறுவனமும், ஐ.நா. அங்கீகரித்த அரசின் பக்கம் துருக்கி அனுப்பிய சிரியப் போராளிகளும் நின்றிருக்கிறார்கள். எனக்கு இரண்டு ஐயங்கள். ஒரு தனியார் நிறுவனம், எந்த அரசின் துணையுமின்றி, இத்தனை தொலைவு வந்து ஒரு போர்முனையைத் தாங்கிப் பிடிக்க முடியுமா? கூலிப்படைகளுக்கு எதிராகப் பன்னாட்டு உடன்படிக்கை இருக்கும்போது, அது ஏன் இவர்கள்மேல் பாயவில்லை?

மறுமொழி: கடலோடி

முதல் கேள்விக்கு விடை, முடியாது என்பதே. 2019 செப்டம்பர் வாக்கில் வாக்னர் ஆட்கள் திரிபோலியின் தெற்குப் புறநகர்களுக்கு வந்து சேரும்வரை ஹஃப்தாரின் படை அங்கே முன்னேற வழியின்றி முடங்கிக் கிடந்தது. மறைந்திருந்து குறிபார்த்துச் சுடப் பயிற்சி பெற்ற ஸ்னைப்பர்களும் பீரங்கித் தாக்குதலைத் துல்லியமாக வழிநடத்தத் தெரிந்தவர்களும் வந்த பிறகுதான் நிலைமை மாறியது. ஐ.நா. நிபுணர் குழு இவர்களின் எண்ணிக்கையை 800 முதல் 1,200 வரை என மதிப்பிட்டது. பெருநகரம் ஒன்றை முற்றுகையிட இது சொற்பமே என்றாலும், எதிரில் நின்றவர்களில் பலர் முறையான பயிற்சியில்லாத உள்ளூர் ஆயுதக் குழுவினர் என்பதால் அதுவே போதுமானதாக இருந்தது.

2020 தொடக்கத்தில் துருக்கி வெளிப்படையாகக் களமிறங்கி, அதன் பைரக்தார் ட்ரோன்கள் ஹஃப்தார் தரப்பின் வான்பாதுகாப்பு வண்டிகளைத் தேடித்தேடி அழிக்கத் தொடங்கியதும் கணக்கு தலைகீழானது. மே 18 அன்று ஹஃப்தார் தரப்பின் அல்-வாத்தியா விமானத் தளம் வீழ்ந்தது. அடுத்த சில நாட்களில் வாக்னர் ஆட்கள் பனி வலீது நகருக்குப் பின்வாங்கி, அங்கிருந்து சரக்கு விமானங்களில் ஏறிப் போனார்கள். ஜூன் 5 அன்று ஹஃப்தார் தரப்பிடமிருந்த தர்ஹூனா நகரமும் கைமாறியது. அதே மே மாதத்தில் குறைந்தது 14 ரஷ்யப் போர்விமானங்கள், சிரியாவில் அடையாளம் மறையும்படி வண்ணம் பூசப்பட்டு, லிபியாவுக்குக் கொண்டுவரப்பட்டதாக அமெரிக்காவின் ஆப்பிரிக்கக் கட்டளையகம் படங்களோடு அறிவித்தது. மிக்-29 போர்விமானத்தைச் சொந்தமாக வைத்திருக்கும் தனியார் காவல் நிறுவனத்தை நான் கேள்விப்பட்டதில்லை!

மறுமொழி: செம்மண்

சட்டத்தைப் பற்றி நான் சொல்கிறேன். 1977ஆம் ஆண்டின் ஜெனீவா கூடுதல் நெறிமுறை, 47ஆவது பிரிவில், ஒருவரைக் கூலிப்படையினர் எனச் சொல்ல ஆறு நிபந்தனைகளை வைக்கிறது. ஆறும் ஒருசேரப் பொருந்த வேண்டும். அதிலும் அது நாடுகளுக்கிடையிலான போருக்கு உரியது, உள்நாட்டுப் போருக்கு அன்று. 1989இல் ஐ.நா. ஏற்று, 2001இல் நடைமுறைக்கு வந்த கூலிப்படை எதிர்ப்பு உடன்படிக்கையில் லிபியா சேர்ந்திருக்கிறது. ரஷ்யாவும் துருக்கியும் சேரவில்லை. ரஷ்யாவின் குற்றவியல் சட்டமே, 359ஆவது பிரிவில், கூலிப்படைத் தொழிலைக் குற்றம் என்கிறது. லிபியாவில் ரஷ்யர்கள் இருந்தால் அவர்கள் அரசின் பிரதிநிதிகள் அல்லர், அரசிடம் பணம் பெறுபவர்களும் அல்லர் என்று 2020 ஜனவரியில் சொன்ன அதே புதின், 2023 ஜூனில் வாக்னரின் தலைவர் ப்ரிகோஜின் கலகம் செய்து அடங்கியதும், வாக்னரை முழுக்க அரசே பேணியது என்றும், அதற்கு முந்தைய ஓராண்டில் மட்டும் ஊதியமாகவும் ஊக்கத்தொகையாகவும் 8,600 கோடி ரூபிள் கொடுத்தது என்றும் அறிவித்தார். அது உக்ரைன் போர்க்காலத்துக் கணக்குதான். ஆனாலும் மறுப்பு எவ்வளவு மலிவானது என்பது அதில் தெரிகிறது.

எனவே கூலிப்படையா இல்லையா என்ற வழக்கில் சிக்கிக்கொள்வது வீண் என்பது என் கருத்து. லிபியாவுக்கு ஆயுதத் தடை விதித்த, ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தின் 2011ஆம் ஆண்டுத் தீர்மானமே (எண் 1970) அந்நாட்டின் நிலைமையைப் பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்திடம் ஒப்படைத்தது. சரணடைந்தவரைச் சுட்டுக் கொன்றவர் சம்பளக்காரராக இருந்தாலும் சிப்பாயாக இருந்தாலும் அது போர்க்குற்றமே. தர்ஹூனாவில் நடந்த கொலைகள் தொடர்பாக அந்நீதிமன்றம் 2024 அக்டோபரில் வெளியிட்ட பிடியாணைகள் உள்ளூர் ஆயுதக் குழுவினர் ஆறு பேர்மீதுதான்.

மறுமொழி: நெய்தல்

செம்மண் அவர்கள் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் இந்தப் படைகளில் இருந்த எல்லோரும் ஒரே வகையினர் அல்லர். அமீரகத்தில் காவலாளி வேலை என்று சொல்லி ஒரு நிறுவனம் சேர்த்த சூடானிய இளைஞர்கள், லிபியாவின் ராஸ் லனூஃப் எண்ணெய்த் துறைமுகத்தில் இறக்கப்பட்டார்கள். 2020 ஜனவரியில் அவர்களின் குடும்பத்தார் கார்த்தூமில் போராட்டம் நடத்திய பிறகே விஷயம் வெளியே வந்தது.

போர்முனை நகர்ந்த பின்னும் சாவு நிற்கவில்லை. திரிபோலியின் ஐன் ஸாரா போன்ற புறநகர்களில் வீடு திரும்பியவர்களுக்காகக் குளிர்பான டப்பாக்களிலும் விளையாட்டுப் பொம்மைகளிலும் வெடிகள் பொருத்தப்பட்டிருந்தன. அயல்நாட்டுப் படையினர் 90 நாட்களுக்குள் வெளியேற வேண்டும் என்று 2020 அக்டோபர் போர்நிறுத்த ஒப்பந்தம் கூறியது. கெடு முடிந்த 2021 ஜனவரியில் வாக்னரும் போகவில்லை, துருக்கியரும் போகவில்லை.