நியூயோர்க் பொலிஸ் சங்கத் தலைவருக்கு மேயரை எதிர்க்கும் பலம் எப்படி வந்தது?

பரந்தன் ஆசிரியர்:
வணக்கம். உயர்தர வகுப்புக்கு அரசியல் விஞ்ஞானம் கற்பிக்கிறேன். நியூயோர்க் பொலிஸ்காரர்களின் சங்கத்துக்கு 1999 முதல் 2023 வரை தலைவராக இருந்த பற்றிக் லிஞ்ச், மேயரைப் பகிரங்கமாகச் சாடிய பின்னரும் பதவியில் எப்படி நிலைத்தார் என்று ஒரு மாணவி கேட்டாள். எங்கள் நாடான இலங்கையில் பொலிஸாருக்குத் தொழிற்சங்க உரிமையே இல்லாதபோது இதை எப்படி விளக்குவது?

வவுனியாவான்:
சேர், அவரைத் தெரிவு செய்தவர்கள் சங்க அங்கத்தவர்களே. அவர்களுடைய ஆதரவு இருக்கும்வரை மேயரால் அவரை அந்தப் பதவியிலிருந்து அகற்ற முடியாது. 1967இல் வந்த ரெய்லர் சட்டம் நியூயோர்க் மாநில அரச ஊழியர்களின் வேலைநிறுத்தத்தைத் தடைசெய்வதால், சம்பளப் பேச்சு முறிந்தால் நடுத்தீர்ப்புக்குத்தான் போகவேண்டும். வேலையை நிறுத்த முடியாத சங்கத்துக்கு வாய்தான் ஆயுதம். 2014 டிசம்பரில் இரண்டு பொலிஸார் சுட்டுக் கொல்லப்பட்டபோது, அந்த இரத்தக்கறை மேயர் டி பிளாசியோவின் அலுவலகத்திலிருந்தே தொடங்குகிறது என்று லிஞ்ச் குற்றம் சாட்டினார். சில நாட்களின் பின் குவீன்ஸில் நடந்த இறுதிச் சடங்கில், தேவாலயத்துக்கு வெளியே இருந்த திரையில் மேயர் பேசத் தொடங்கியதும், தெருவில் நின்ற பொலிஸார் பலர் திரைக்கு முதுகு காட்டித் திரும்பி நின்றார்கள். கட்டளை மீறல் என்று தண்டிக்கவும் முடியாத, ஊரே பார்க்கும் அவமதிப்பு அது.

முள்ளியவளை வாசகி:
அதை வெறும் தொழிற்சங்கப் பேரமாகக் கருத முடியாது. 2014இல் நியூயோர்க் பொலிஸாரின் பிடியில் இறந்த கறுப்பினத்தவரான எரிக் கார்னரின் கழுத்தை நெரித்த பொலிஸ்காரர் 2019இல் வேலைநீக்கம் செய்யப்பட்டபோது லிஞ்ச் அவர் பக்கமே நின்றார். 2020 ஜனாதிபதித் தேர்தலில் சங்கம் ட்ரம்பை ஆதரித்தது. கறுப்பின மக்கள் பெருமளவில் வாழும் நகரில் அது யாருடைய குரல்? கணக்கு வழக்கையும் மாணவர்கள் அறியட்டும்: அதே நகரின் சார்ஜன்ட்மார் சங்கத்துக்குத் தலைவராக இருந்த எட் மலின்ஸ், பொய்ச் செலவுக் கணக்குகள் காட்டிச் சங்கப் பணத்தைச் சுருட்டியதை ஒப்புக்கொண்டு 2023இல் இரண்டு ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார்.

வவுனியாவான்:
அக்கா சொல்வது சரி. ஆனால் சங்கமே வேண்டாம் என்று அதிலிருந்து முடிவெடுக்க நான் தயாரில்லை. சர்வதேச தொழில் தாபனத்தின் 87ஆம் இலக்கச் சமவாயம், பொலிஸாருக்குச் சங்கம் அமைக்கும் உரிமை எந்தளவுக்குப் பொருந்தும் என்பதை அந்தந்த நாட்டுச் சட்டத்துக்கே விட்டுள்ளது. இங்கே இடமாற்றம், பதவி உயர்வு என்பன தேசிய பொலிஸ் ஆணைக்குழுவின் கீழ் வருகின்றன. தெற்கிலிருந்து மாங்குளத்துக்கு மாற்றப்படும் கொன்ஸ்தாபிளுக்காகக் கூட்டாகப் பேச ஒரு சங்கம் இல்லை.

பரந்தன் ஆசிரியர்:
நன்றி. அங்கே வாய் மிகுதி, இங்கே வாயே இல்லை என்ற இரு நிலைகளையும் பலகையில் எழுதி, எது பொதுமக்களுக்குக் கூடுதல் ஆபத்து என்று திங்கட்கிழமை விவாதிக்க விடுகிறேன்.