பிரேக்கிலிருந்து காலை எடுக்கப் பழகிய கதை: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

சிம் ரேசிங்கில் (கணினியில் ஸ்டியரிங்கும் பெடலும் வைத்து ஓட்டும் கார் பந்தயத்தில்) பிரேக்கிங் உங்களுக்கு எந்த இடத்தில், எப்படிப் பிடிபட்டது? அதைப் பகிர்ந்துகொள்ளத்தான் இந்த இழை. இழையை ஆரம்பித்தவன் என்ற முறையில் என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு அது இத்தாலியின் மோன்சா பந்தயத்தடத்தில், முதல் சிக்கேனில் (அடுத்தடுத்து எதிர்ப்பக்கம் வளையும் இறுக்கமான திருப்பங்களில்) நடந்தது. விளையாட்டு அசெட்டோ கோர்சா காம்பெடிசியோனே, கார் ஜிடி3 (ஏபிஎஸ் உள்ள பந்தய ஸ்போர்ட்ஸ் கார் வகை; ஏபிஎஸ் என்பது பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு). நேர்பாதையில் 260 கி.மீ. வேகத்தைத் தாண்டி வந்து, இறுக்கமான அந்த வலது திருப்பத்துக்குள் ஊர்ந்து போகும் வேகத்துக்கு இறங்க வேண்டும். நான்கு மாதமாக லேப் டைம் (ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம்) அசையவே இல்லை. இன்னும் தாமதமாக பிரேக் பிடித்தால் நேரம் குறையும் என்று நம்பினேன். திருப்பத்துக்கு உள்ள தூரத்தைக் காட்டும் 150 மீட்டர் பலகைக்குக் கொஞ்சம் முன்னால் பிடித்துக்கொண்டிருந்தவன் பலகையிலேயே பிடித்தேன், பிறகு அதையும் தாண்டிப் பிடித்தேன். 260 கி.மீ. வேகத்தில் கார் நொடிக்கு 72 மீட்டர் ஓடுகிறது. பத்தில் ஒரு நொடி கால் தாமதித்தால் ஒன்றரைக் கார் நீளம் போய்விடும். ஒரு லேப்பில் சரியாக வரும், அடுத்த மூன்று லேப்பில் நேராக ஓடி வெளியே போவேன்.

என்னைவிட ஒரு நொடிக்கு மேல் வேகமாக ஓட்டும் ஒரு நண்பர் தன் லேப்பைக் கொடுத்தார். ஓட்டிய தரவைக் கோடுகளாகக் காட்டும் மோட்டெக் மென்பொருளில் இரண்டு லேப்பையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தேன். அவர் என்னைவிட முன்னாலேயே பிரேக் பிடித்திருந்தார்! கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிரேக் கோடு இரண்டு பேருக்கும் செங்குத்தாகத்தான் ஏறுகிறது. இறங்குவதில்தான் வித்தியாசம். என்னுடையது மதில் சுவர் மாதிரி ஒரேயடியாகக் கீழே விழுகிறது. அவருடையது சரிந்து சரிந்து, ஏபெக்ஸ் (திருப்பத்தின் உள்விளிம்பைக் கார் தொடும் இடம்) கிட்டே வந்துதான் பூஜ்யத்தைத் தொடுகிறது.

திருப்பத்துக்குள் போகப் போக பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும் இதற்கு ட்ரெயில் பிரேக்கிங் என்று பெயர். அந்தச் சொல்லை அதற்கு முன் நூறு முறையாவது கேட்டிருப்பேன். ஆனால் அன்றுதான் அது மண்டையில் ஏறியது. பிரேக் பிடிக்கும்போது காரின் பாரம் முன்னால் சாய்ந்து முன் டயர்களை ரோட்டோடு அழுத்துகிறது. காலைச் சட்டென்று எடுத்தால் மூக்கு மேலே எழும்பி அந்த அழுத்தம் போய்விடும். ஸ்டியரிங்கைத் திருப்புகிற அதே நொடியில் முன் டயரின் பிடியை நானே பறித்துக்கொண்டிருந்தேன். பிறகு அண்டர்ஸ்டியர் (திருப்பினாலும் கார் போதுமான அளவு திரும்பாமல் வெளியே போவது) என்று காரின் செட்டப்பைக் குறை சொல்லி, இறக்கையையும் டயர் பிரஷரையும் மாற்றிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் மூன்று வாரம் லேப் டைமைத் திரையிலிருந்தே எடுத்துவிட்டேன். ஓட்ட உட்காரும் முன் தினமும் பத்து நிமிடம், கார் நின்றபடி இருக்க, பெடலை மட்டும் அழுத்திப் பழகினேன். கண்ணை மூடிக்கொண்டு 80 சதவீதம் என்று நினைத்து அழுத்துவது, கண்ணைத் திறந்து திரையில் உள்ள பட்டையைப் பார்ப்பது. பிறகு 60, 40, 20. எண்பதில் நிறுத்துவது இரண்டு நாளில் வந்துவிட்டது. இருபதில்தான் கால் தடுமாறியது. முப்பதிலிருந்து நேராகப் பூஜ்யத்துக்குத் தாவிவிடும். கவனித்துப் பார்த்தால், தொடையால் அழுத்தி, தொடையாலேயே தூக்கிக்கொண்டிருந்தேன். அழுத்தும்போது முழுக்காலும் வேலை செய்யலாம். விடும்போது குதிகாலை ஊன்றிக்கொண்டு கணுக்காலால்தான் விட வேண்டும். தடித்த ஷூவைக் கழற்றிவிட்டு சாக்ஸோடு ஓட்டியதும் கைகொடுத்தது.

நான்காவது வாரம் ஒரு லேப்பில், கை ஸ்டியரிங்கைத் திருப்பத் திருப்பக் கால் தானாகத் தளர்ந்தது. காரின் மூக்கு உள்பக்கக் கெர்பை (தடத்தின் ஓரக் கட்டையை) நோக்கி இழுத்துக்கொண்டு போனது. அந்த உணர்வு இன்னும் உடம்பில் இருக்கிறது.

*

அண்ணா, அந்த 20 சதவீதம் மேட்டர் நூத்துக்கு நூறு உண்மை. எனக்கு ஏபிஎஸ் இல்லாத கார்தான் குரு. ஐரேசிங்னு இன்னொரு சிம், அதுல மஸ்டா எம்எக்ஸ்-5 கார், அமெரிக்காவுல இருக்கற லகூனா சேகா தடம்.

அங்க கார்க்ஸ்க்ரூங்கற செங்குத்தா இறங்குற திருப்பத்துக்கு மேடு ஏறிக்கிட்டே பிரேக் பிடிக்கணும். உச்சி வந்ததும் அந்தப் பக்கம் ரோடே தெரியாது. மேடு ஏறுற வரைக்கும் டயர் நல்லா கடிக்கும், எவ்வளவு அழுத்தினாலும் தாங்கும். உச்சியத் தாண்டுற இடத்துல கார் லேசாகும் பாருங்க, அங்க அதே அழுத்தத்த வச்சிருந்தா முன் வீல் டக்குனு லாக் ஆயிடும் (சுத்தாம நின்னு வழுக்கும்). கீழ 18 மீட்டர் பள்ளம், ஸ்டியரிங் திருப்பினாலும் கார் நேராத்தான் போகும்.

நிஜ கார்ல இத இடுப்பே சொல்லிடும். சிம்ல நமக்கு காதும் கையும்தான். லாக் ஆகப்போறதுக்கு முன்னாடி டயர் சத்தம் மாறும், ஸ்டியரிங்ல இருந்த கனம் திடீர்னு காணாமப் போகும். அந்தக் கனம் குறையிறத கண்டுபிடிக்கறதுக்காக பாட்ட நிறுத்திட்டு, ஹெட்போன் போட்டு, அந்த ஒரு திருப்பத்த மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டினேன். இப்போ உச்சிக்கு ஒரு கார் நீளம் முன்னாடியே கால் தளர ஆரம்பிச்சிடுது.

இன்னொன்னு, கியர். அவசரப்பட்டு சீக்கிரமா கீழ இறக்கினா இன்ஜின் பின் வீல லாக் பண்ணிடும். கார் சுத்தினதும் பிரேக்மேல பழி போடுவோம். என் சுழற்சியில பாதி, கியர் பண்ணின வேல.

*

ஃபார்முலா கார் ஓட்டுகிறவர்களுக்காக ஒரு வார்த்தை. இந்தக் கார்களில் காற்றழுத்தம் வேகத்தின் வர்க்கத்தோடு மாறும். வேகம் பாதியானால் டவுன்ஃபோர்ஸ் (காரைத் தரையோடு அழுத்தும் அந்தக் காற்றழுத்தம்) நாலில் ஒரு பங்குதான். அதனால் டயர் அதிகபட்சம் தாங்குவது முதல் அடியில்தான். அங்கே தயங்கித் தயங்கி அழுத்தினால் அந்த நேரம் திரும்பக் கிடைக்காது. அடித்த மறுகணமே, கார் இன்னும் நேராகப் போய்க்கொண்டிருக்கும்போதே, விட ஆரம்பிக்க வேண்டும். ஃபார்முலா 1-இல் 1994-இலேயே ஏபிஎஸ்ஸைத் தடை செய்துவிட்டார்கள், காப்பாற்ற எதுவும் கிடையாது. ஜிடி3-யில் பழகிய காலோடு ஏறியபோது நான் ஒவ்வொரு திருப்பத்திலும் முன் டயரைத் தேய்த்துத் தட்டையாக்கினேன்.

*

பெடல் பற்றி யாரும் பேசவில்லை. லோட் செல் (அழுத்தும் பலத்தை அளக்கும் உணரி) உள்ள பெடல் வாங்கிய வாரம் நான் முன்பைவிட மெதுவாகத்தான் ஓட்டினேன். பழைய பெடல் கால் எவ்வளவு தூரம் போகிறது என்று அளக்கும், இது எவ்வளவு பலமாக அழுத்துகிறோம் என்று அளக்கும். பலம்தான் காலுக்குச் சுலபமாக நினைவிருக்கும் என்பது உண்மை, ஆனால் அது பதிய நாளாகும். 100 சதவீதத்தை என் முழு பலத்துக்கு வைத்திருந்தேன். அரை மணி நேரத்தில் கால் நடுங்கி, விடுவதில் இருந்த நிதானமெல்லாம் போனது. சிரமமில்லாமல் அழுத்தக்கூடிய அளவுக்கு இறக்கியதும்தான் சரியானது.

வாங்க முடியாதவர்கள் கவலைப்பட வேண்டாம். பழைய பெடலுக்குப் பின்னால் ஒரு கெட்டியான ரப்பர் துண்டை வைத்தாலே கடைசிப் பகுதியில் எதிர்ப்பு கிடைக்கும். அதைவிட முக்கியம் நாற்காலி. சக்கரம் வைத்த நாற்காலியில் உட்கார்ந்து பிரேக் அடித்தால் நாம்தான் பின்னால் போகிறோம். முதலில் அதைக் கட்டிப்போடுங்கள்.

*

இழையைத் தொடங்கியவன் மறுபடியும். எல்லோருக்கும் நன்றி. தனிச்செய்தியில் ஒருவர், பலகையைப் பார்ப்பதா ஏபெக்ஸைப் பார்ப்பதா என்று கேட்டிருந்தார். பலகை ஓரக்கண்ணில் போதும். கால் இறங்கியதும் கண் ஏபெக்ஸுக்குப் போய்விட வேண்டும். எவ்வளவு விடுவது என்பதைக் கண்தான் காலுக்குச் சொல்கிறது.

கியர் பற்றித் தம்பி சொன்னதைப் படித்துவிட்டு மோட்டெக்கில் என் பிரேக் கோட்டைத் திரும்பப் பார்த்தேன். இரண்டாவது கியருக்கு இறங்கும் இடத்தில் பிரேக்கில் சின்னதாக ஒரு பள்ளம் விழுகிறது. கியர் மாற்ற ஸ்டியரிங்கின் பின்னால் உள்ள துடுப்பை இழுக்கும்போது காலும் சேர்ந்து அசைகிறது போல. இன்று இரவு அதை மட்டும் பார்க்கப்போகிறேன். நாளை படத்தோடு வருகிறேன்.