கலைச்சொல் தேவை: ‘ஜுகெய் கோசோ’ – வளருரு எனலாமா?

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

தொட்டியில் குறுமரம் வளர்க்கும் போன்சாய்க் கலை பற்றிய ஜப்பானியக் கட்டுரையைத் தமிழாக்கும் வேலை ‘ஜுகெய் கோசோ’ என்ற சொல்லில் வந்து நிற்கிறது. ஜுகெய் மரத்தின் வடிவம். கோசோ மனத்தில் வகுக்கும் திட்டம். கம்பி சுற்றுவதற்கும் கிளை வெட்டுவதற்கும் முன்பே, பத்து இருபது ஆண்டு கழித்து இந்த மரம் எப்படி நிற்க வேண்டும் என்று தீர்மானிக்கிற வேலை இது. மேல்வேர் பரவியிருக்கும் விதத்தையும் அடிமரத்தின் சாய்வையும் பார்த்து முகப்பு எது என்று முடிவுசெய்வார்கள். பிறகு நுனி எங்கே வரும், முதல் கிளை எந்தப் பக்கம் போகும், எந்தக் கிளையை வெட்டி எடுக்க வேண்டும் என்பதெல்லாம். பலர் அதைப் படமாகவே வரைந்து வைத்துக்கொள்கிறார்கள்.

இதுவரை வந்த பரிந்துரைகள்: இறுதி வடிவம், வடிவத் திட்டம், வடிவக் கருத்துரு.

‘இறுதி’ என்ற சொல் இங்கே பொருந்தவே பொருந்தாது. யமாகி குடும்பத்தின் வெண்பைன் 1625 முதல் தொட்டியில் வளர்வதாகச் சொல்லப்படும் மரம். 1945இல் ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தபோது தப்பியது, 1976இல் அமெரிக்காவுக்குக் கொடையாகப் போனது. வாஷிங்டனில் இன்றும் அதற்குக் கத்தரி பிடிக்கிறார்கள். எந்த நாளின் வடிவத்தை இறுதி என்பது? ‘கருத்துரு’ அரசு அலுவலகக் கோப்பில் ஊறிவிட்ட சொல். மரத்தருகே அதைக் கொண்டுவர எனக்கு மனம் வரவில்லை. ‘வடிவத் திட்டம்’ பிழையில்லை, ஆனால் வீட்டு வரைபடத்துக்கும் அதையே சொல்லலாம்.

என் பரிந்துரை: வளருரு. வினைத்தொகை. வளர்ந்த உரு, வளர்கின்ற உரு, வளரும் உரு என்று மூன்று காலமும் அதற்குள் அடங்கும். திட்டமிடுபவர் பார்ப்பதும் அந்த மூன்றையும்தான். அடிமரம் ஏற்கெனவே எப்படி வளைந்துவிட்டது, இன்று எந்தக் கிளைக்கு வீரியம் இருக்கிறது, நாளை எது எங்கே போய் நிற்கும். காலம் காட்டாத சொல் தமிழில் தயாராக இருக்கும்போது ‘எதிர்கால வடிவம்’ என்று அடைமொழி சேர்ப்பது எதற்கு?

அன்புடன்.

———

> வளருரு என்றால் தானாக வளரும் உரு என்றுதானே படிப்போம்? மனிதர் போடும் திட்டம் அதில் எங்கே இருக்கிறது? கருவியல் சொல் என்றுகூட நினைக்கலாம்.

நியாயமான கேள்வி ஐயா. இரண்டு நாள் யோசித்தேன்.

போன்சாயில் திட்டம் போடுகிறவர் தனியாகப் போடுவதில்லை; பாதியை மரம் போடுகிறது. அமெரிக்க போன்சாய்க் கலைஞர் ஜான் நாக்காவின் ‘கோஷின்’ என்ற போன்சாய்த் தோப்பு 1948இல் இரண்டு ஜூனிப்பர் மரங்களோடு தொடங்கியது. பேரக்குழந்தைக்கு ஒன்றாகச் சேர்ந்து பதினொரு மரமுள்ள தோப்பாக நிறைந்தது. 1984இல் அதை அவர் கொடையாக அளித்தார். தொடக்கத்தில் மனத்தில் இருந்த உரு அதுவாக இருந்திருக்க முடியாது. உருவும் மரத்தோடு சேர்ந்து வளர்ந்திருக்கிறது. அதனால்தான் ‘திட்டம்’ என்று மட்டும் சொன்னால் எனக்குக் குறையாகப் படுகிறது.

ஆனாலும் செயலைக் குறிக்கத் தனி வடிவம் தேவை என்பதை ஏற்கிறேன். ‘வளருரு வகுத்தல்’ என்போம். படத்துக்கு ‘வளருருப் படம்’. கருவியல் குழப்பம் பெரிதாக வராது. அங்கே ‘கரு’ இல்லாமல் சொல் அமைவது அரிது.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: “இடப்பக்க முதல் கிளை காய்ந்துவிட்டதால் வளருருவை மாற்றி, அந்தக் கிளையின் பட்டையை உரித்து ஜின் ஆக்கினேன்.” (ஜின் என்பது பட்டை உரித்து, காய்ந்த கட்டையாகவே மரத்தில் விட்டுவைக்கும் கிளை.) வாய்விட்டுப் படித்தாலும் இடறவில்லை.

இன்னொன்றும் கேட்க வேண்டும். அடிமரம் பருக்க வேண்டும் என்பதற்காகவே ஒரு கிளையை வெட்டாமல் ஓடவிடுவார்கள்; வேலை முடிந்ததும் அடியோடு எடுத்துவிடுவார்கள். வளருருப் படத்தில் அந்தக் கிளை இருக்காது, மரத்தில் இன்று அதுதான் எல்லாவற்றையும்விட நீளம். ஜப்பானியர் இதைப் பலி கொடுக்கும் கிளை என்ற பொருளில் சொல்கிறார்கள். ‘பலிக்கிளை’ எனக்குக் கடுமையாகத் தோன்றுகிறது. மரத்துக்கு ஊட்டிவிட்டுப் போகிற கிளை என்பதால் ‘ஊட்டுகிளை’ என்று எழுதியிருக்கிறேன். இதுவும் வினைத்தொகைதான், அதனால் ககரம் மிகாது. வேளாண்மை தெரிந்தவர்கள் வேறு வழக்குச் சொல் இருந்தால் சொல்லுங்கள். ஊரில் ஏற்கெனவே இருக்கிற சொல் கிடைத்தால் என்னுடையதை எடுத்துவிடுகிறேன்.