அலைகளை முப்பரிமாணத்தில் எடுக்க இரு கமராக்களை ஒன்றாக இயக்கும் கம்பி

உவர்மலை மாணவன்:

வணக்கம். திருகோணமலையில் கோணேசர் கோயில் கோபுரத்தையும் பிரெட்ரிக் கோட்டை வாசலையும் ஒரே கமராவைப் பக்கவாட்டில் நகர்த்தி இரு தடவை எடுத்தபோது முப்பரிமாணப் படங்கள் நன்றாகவே பொருந்தின. ஆனால் சுவாமி மலையின் அடியில் மோதும் அலைகளும் கோட்டைக்குள் மேயும் மான்களும் இரு படங்களுக்கிடையில் இடம் மாறிவிடுவதால், பார்க்கவே கண் வலிக்கிறது. இப்போது கெனான் 1100டி கமராக்கள் இரண்டு கிடைத்துள்ளன. ஒரே சுவிட்சால் இரண்டையும் இயக்கும் கம்பியை வீட்டிலேயே செய்யலாமா? கமராவுக்குத் தீங்கு வருமா?

பழைய வானொலி:

தம்பி, தாராளமாகச் செய்யலாம். அந்தக் கமராவின் பக்கத்திலுள்ள தொலைஇயக்கித் துளை 2.5 மில்லிமீற்றர் ஸ்டீரியோ பிளக்கை ஏற்கும். சாதாரண இயர்போனின் 3.5 மில்லிமீற்றர் பிளக் அதற்குள் போகாது. பிளக்கின் அடிப்பகுதி மின்சுற்றின் பொதுத் தரை இணைப்பு (எர்த்). நடு வளையத்தைத் தரையுடன் தொடுத்தால் பொத்தானைப் பாதி அழுத்தியதற்குச் சமம். நுனியைத் தொடுத்தால் படம் எடுக்கப்படும்.

இரு பிளக்குகளின் தரைகளை ஒன்றாக இணையுங்கள். ஆனால் வளையங்களையும் நுனிகளையும் நேரடியாக இணைக்க வேண்டாம். ஒரு கமராவின் மின்னழுத்தம் மற்றதற்குள் புகாதிருக்க, ஒவ்வொரு வளையத்துக்கும் நுனிக்கும் ஒன்றாக நான்கு ஷொட்கி டயோட்டுகளை (மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் சிறு உறுப்புகள்) வைத்துச் சோல்டர் செய்யுங்கள். டயோட்டின் கோடிட்ட முனை சுவிட்சின் பக்கம் இருக்க வேண்டும். சாதாரண சிலிக்கன் டயோட்டில் ஏறத்தாழ 0.6 வோல்ட் இழப்பு ஏற்படும். ஷொட்கியில் அது குறைவு என்பதால், கமரா சமிக்ஞையைத் தவறவிடும் வாய்ப்பும் குறைவு. வெளியிலிருந்து பற்றரி எதையும் இந்தக் கம்பியில் சேர்க்கவே கூடாது.

வளையங்களுக்கு ஒரு சுவிட்சும் நுனிகளுக்கு ஒரு பொத்தானும் போதும். முதற் சுவிட்சைப் போட்டு இரு கமராக்களையும் விழித்த நிலையில் வைத்த பிறகே பொத்தானை அழுத்துங்கள். இந்த ஒழுங்கைக் கைவிட்டால், எவ்வளவு நேர்த்தியாகச் செய்த கம்பியும் பயன் தராது.

நிலாவெளி:

மேலே ஐயா சொன்னதுடன், குவியத்தையும் ஒளியளவையும் இரண்டிலும் கைமுறையாக ஒரே அளவில் வையுங்கள். திரையில் பார்த்து எடுக்கும் முறையை நிறுத்திவிடுங்கள்.

அலைகளைப் பொறுத்தவரை ஒத்திசைவு எவ்வளவு நுட்பமாக இருக்க வேண்டும் என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. இரண்டரை மீற்றர் ஆழத்தில் அலை விநாடிக்கு ஏறத்தாழ 5 மீற்றர் வேகத்தில் வரும். நூறில் ஒரு விநாடி பிந்தினாலே அது 5 சென்ரிமீற்றர் நகர்ந்துவிடும். மனிதக் கண்களுக்கிடையிலான தூரமே ஏறத்தாழ 6.5 சென்ரிமீற்றர்தான்! எனவே பக்கவாட்டில் ஓடும் அலை பொய்யான ஆழத்தில் தெரியும். கரையை நோக்கி நேராக வரும் அலையில் இந்தப் பிழை குறைவு.

கடற்கரைக்குப் போகுமுன் வீட்டு மின்விசிறியில் சோதியுங்கள். ஒரு தகட்டில் வெள்ளை நாடாவை ஒட்டி, விநாடிக்கு 25 சட்டகம் கொண்ட காணொளியாக எடுத்தால், ஒரு சுற்றுக்கு எத்தனை சட்டகம் என்று எண்ணி வேகத்தை அறியலாம். ஐந்து சட்டகமானால் விநாடிக்கு ஐந்து சுற்று. அந்த வேகத்தில் நூறில் ஒரு விநாடி என்பது 18 பாகை. பிறகு மிக விரைவான ஷட்டரில் இரு கமராக்களாலும் எடுத்து, நாடாவின் கோணங்களை ஒப்பிடுங்கள். பல தடவை எடுத்துப் பாருங்கள், ஏனெனில் வேறுபாடு ஒவ்வொரு தடவையும் சற்றே மாறும்.

உவர்மலை மாணவன்:

இருவருக்கும் மிக்க நன்றி. இரண்டையும் அருகருகே வைத்தால் வில்லைகளுக்கிடையில் ஏறத்தாழ 13 சென்ரிமீற்றர் இடைவெளி வருகிறதே, அது அதிகமில்லையா?

நிலாவெளி:

மிக அருகிலுள்ள பொருளின் தூரத்தில் முப்பதில் ஒரு பங்கே இடைவெளி என்பது வழக்கமான கணக்கு. ஆகவே நான்கு மீற்றருக்கு இப்பால் எதுவும் சட்டகத்துக்குள் வராமல் பார்த்துக்கொண்டால் போதும். பாறையில் மோதும் அலைக்கு அது பொருந்தும். மான்களை நெருங்கி எடுப்பதென்றால், கமராக்களை நிமிர்த்திச் செங்குத்தாக வைத்து, அடிப்பகுதிகளை ஒன்றோடொன்று ஒட்டிப் பாருங்கள். இடைவெளி கணிசமாகக் குறையும், ஆனால் படம் நெடுக்காகவே அமையும்.

பழைய வானொலி:

உப்புக்காற்றில் சோல்டர் இணைப்புகள் விரைவில் பச்சை பிடிக்கும், தம்பி. ஒவ்வோர் இணைப்பையும் சுருங்கு குழாயால் (சூடாக்கினால் சுருங்கி இறுகும் பிளாஸ்டிக் குழாய்) மூடிவிடுங்கள்.