கோரி அகினோவுக்குப் பிறகு: பிலிப்பினோ இளைஞர்கள் மத்தியில் பார்த்தது, கேட்டது (இணைய இழையில் அனுபவப் பகிர்வு)

மக்காட்டி வழிப்போக்கன்

பிலிப்பைன்ஸின் முன்னாள் அதிபர் கோரியின் இறுதி ஊர்வலம் என்றால் எல்லாரும் மஞ்சள் உடுத்திய ஆதரவாளர் கூட்டத்தைத்தான் எழுதுகிறார்கள். இளம் பிள்ளைகளிடம் பேச்சுக் கொடுத்தால் அவர்கள் சொல்வது அந்த லாரியை.

2009 ஆகஸ்ட் 5. மணிலா கதீட்ரலில் கிளம்பிய பெட்டி பரான்யாக்கே இடுகாட்டில் கணவர் நினோயின் பக்கத்தில் போய்ச் சேர எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. பக்கப்பலகை இல்லாத திறந்த லாரி, நிறையப் பூ, பெட்டியைச் சுற்றி நான்கு காவலர்கள். வெயிலும் அடித்தது, நடுநடுவே மழையும் பெய்தது. வழி நெடுக ஜனம் நெருக்கியதால் லாரி நடைவேகத்தைத் தாண்டவே முடியவில்லை. அத்தனை நேரமும் நால்வரும் விறைப்பு மாறாமல் நின்றார்கள், ஆள் மாற்றமும் இல்லை. குடும்பம் அரசு மரியாதையுடன் கூடிய அடக்கம் வேண்டாம் என்று சொன்ன பிறகும் அப்படி நின்றார்கள். அன்று பத்து வயதில் தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்தவர்களுக்கு இன்று இருபத்தைந்தைத் தாண்டிவிட்டது. மார்கோஸ் சர்வாதிகாரத்தை வீழ்த்திய 1986 எட்சா புரட்சியை அவர்கள் பார்த்ததில்லை. கோரி என்றதும் வாயில் வருவது அந்த நால்வர்தான்.

எனக்கு உறுத்துவது வேறு. உடலை முதலில் வைத்தது லா சால் கிரீன்ஹில்ஸ் பள்ளியில். 1986 பிப்ரவரியில், மார்கோஸை எதிர்த்துக் கோரி நின்ற அதிபர் தேர்தலில், நாம்ஃப்ரெல் என்ற குடிமக்கள் தேர்தல் கண்காணிப்பு அமைப்பின் தொண்டர்கள் வாக்கை எண்ணியதும் அதே பள்ளியில்தான். இதைச் சொன்னால் பாதிப் பேருக்குப் புதுச் செய்தியாக இருக்கிறது.

எண்ணிக்கைக்காரர்

வழிப்போக்கன் சொன்ன எண்ணிக்கை எப்படி நடந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தெரியாவிட்டால் "மக்கள் சக்தி" வெறும் பாட்டும் பூவுமாகப் போய்விடும்.

பிப்ரவரி 7 வாக்குப்பதிவு. வாக்குச்சாவடி அதிகாரிகள் கையெழுத்திட்ட முடிவுத்தாளின் நகலை வாங்கி, கிரீன்ஹில்ஸ் கொண்டுவந்து, கூட்டி, பெரிய பலகையில் எழுதுவது நாம்ஃப்ரெலின் வேலை. தேர்தல் ஆணையம் தன் கணக்கை மணிலாவின் பன்னாட்டு மாநாட்டு மையத்தில் கணினியில் போட்டது. எங்கே இடித்தது? கணினி அச்சிட்டுத் தந்த எண்ணும் அந்த மையத்துப் பலகையில் ஏறிய எண்ணும் ஒத்துப்போகவில்லை. 9-ஆம் தேதி இரவு 35 கணினி ஊழியர்கள் வட்டுகளையும் அச்சுத்தாள்களையும் எடுத்துக்கொண்டு எழுந்து வெளியே நடந்தார்கள், நேரே பக்லாரான் தேவாலயத்தில் போய்த் தஞ்சம் புகுந்தார்கள். அதன் பிறகும் 15-ஆம் தேதி நாடாளுமன்றம் மார்கோஸ் 1 கோடியே 8 லட்சம், கோரி சுமார் 93 லட்சம் என்று அறிவித்தது. எட்சாவில் மக்கள் திரண்டெழுந்தார்கள், பத்து நாள் கழித்து கோரி கிளப் ஃபிலிப்பினோவில் பதவி ஏற்றார்.

அந்த 35 பேரில் பலர் இருபதுகளில் இருந்தவர்கள். இன்றைக்குக் கணினி படிக்கும் பிலிப்பினோ பிள்ளைகளிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். கோரியின் பெயரில் ஈடுபாடு இல்லாதவர்கள்கூட "அச்சுத்தாளை எடுத்துக்கொண்டு போனார்களா?" என்று திருப்பிக் கேட்பார்கள்.

தார்லாக் கரும்புக்காடு

மேலே இரண்டு பேரும் மணிலாவை விட்டு நகரவில்லை. தார்லாக் மாகாணத்து லுயிசிட்டா கரும்புப் பண்ணையில் கோரியின் பெயர் எப்படி ஒலிக்கிறது என்பதும் இந்த இழையில் பதிவாகட்டும்.

அவரது கொஹுவாங்கோ குடும்பம் 1957-58-இல் அரசு உதவியோடு கடன் பெற்று வாங்கிய பண்ணை, ஆறாயிரம் ஹெக்டேருக்கும் மேல். காலப்போக்கில் குடியானவர்களுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்பது அன்றைய நிபந்தனை. 1988 ஜூன் 10-ஆம் தேதி கோரி கையெழுத்திட்ட நிலச்சீர்திருத்தச் சட்டத்தில், நிலத்துக்குப் பதில் கம்பெனிப் பங்கு கொடுக்கலாம் என்று ஒரு பிரிவு இருந்தது. 1989-இல் லுயிசிட்டா அந்த வழியில் போனது. 4,915 ஹெக்டேர் நிலத்தின் மதிப்பாகத் தொழிலாளர்களுக்கு 33.296 சதவீதப் பங்கு. அதுவும் கையில் தரவில்லை, 30 வருடத்தில், அவரவர் வேலை செய்த நாள் கணக்குப்படி.

இதில்தான் பொறி. எத்தனை நாள் வேலை என்று தீர்மானிப்பது நிர்வாகம். வேலைநாள் குறைந்தால் கூலியும் குறையும், பங்கும் குறையும். 2004-இல் வாரத்துக்கு ஒரு நாள் வேலை, பிடித்தம் போகக் கையில் 9 பெசோ 50 சென்டாவோ என்ற நிலை. வேலைநிறுத்தம் வந்தது. நவம்பர் 16-ஆம் தேதி சர்க்கரை ஆலை வாசலில் துப்பாக்கிச் சூடு, ஏழு பேர் செத்தார்கள்.

2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் நிலத்தைப் பிரித்துக் கொடுக்கச் சொல்லி முடித்தது. 2013-இல் தம்பியோலோ வந்தது, நம்மூர்க் குலுக்கல் சீட்டுக்குச் சுற்றும் உருளை மாதிரி. உள்ளே கைவிட்டு எடுக்கும் சீட்டில் மனை எண். ஒருவருக்கு 6,600 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய ஒரு ஏக்கர் 63 சென்ட். தாத்தா உழுத இடம் ஒரு பக்கம், பேரனுக்கு விழுந்த சீட்டு இன்னொரு பக்கம். 2005 முதல் கூட்டாகக் காய்கறியும் நெல்லும் போட்ட நிலங்களும் இந்தச் சீட்டில் துண்டாயின. அந்த ஊர் இளைஞர்களிடம் கோரியை "ஜனநாயகத்தின் தாய்" என்று சொல்லிப் பாருங்கள், உருளையைப் பற்றித்தான் பதில் வரும்.

சட்டம் படிப்பவள்

கரும்புக்காடு அண்ணா, நீங்கள் எழுதியதில் ஒரு வரியையும் மறுக்கவில்லை. 1987 ஜனவரி 22-இல் அதிபர் மாளிகை அருகே மெண்டியோலாவில் நிலம் கேட்டு வந்த விவசாயிகள் 13 பேர் சுடப்பட்டுச் செத்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அதுவும் கோரியின் ஆட்சிதான். ஆனால் கணக்கு அங்கே முடியவில்லை.

2017 மே 23 அன்று தெற்கே மராவி நகரில் தீவிரவாதிகளோடு சண்டை தொடங்கியதும், இரவில் அப்போதைய அதிபர் டுடெர்டே மிண்டனாவோ தீவு முழுவதும் இராணுவச் சட்டம் போட்டார். அன்றிரவே கல்லூரிப் பிள்ளைகளின் கைபேசிகளில் சுற்றிய கேள்வி: "இது 1972 மாதிரியா?" விடை 1987 அரசமைப்பின் ஏழாவது அதிகாரம், 18-ஆம் பிரிவில் இருக்கிறது. வரிசையாகச் சொல்கிறேன், இதைத் தெரியாமல்தான் பாதிச் சண்டை நடக்கிறது.

அதிபர் அறிவித்த 48 மணி நேரத்துக்குள் நாடாளுமன்றத்துக்கு அறிக்கை தர வேண்டும். 60 நாள்தான் ஆயுள். இரு அவைகளும் சேர்ந்து பெரும்பான்மையில் ரத்து செய்தால் அதிபரால் மீற முடியாது. எந்தக் குடிமகனும் உச்ச நீதிமன்றம் போகலாம், 30 நாளுக்குள் தீர்ப்பு வர வேண்டும். சிவில் நீதிமன்றங்களை மூட முடியாது. பிடிபட்டவர் மீது மூன்று நாளில் வழக்குப் பதியாவிட்டால் விட்டுவிட வேண்டும். 1972-இல் மார்கோஸ் போட்ட 1081-ஆம் பிரகடனத்துக்கு இப்படி எந்தக் கடிவாளமும் இல்லை, 1981 ஜனவரி வரை நீடித்தது.

இதில் பழுது எங்கே? தடுப்பு நாடாளுமன்றத்தின் கையில் இருக்கிறது. அங்கே பெரும்பான்மை அதிபர் பக்கம் என்றால் 60 நாள் நீண்டுகொண்டே போகும். 2017-இல் உச்ச நீதிமன்றமும் ஜூலை 4-ஆம் தேதி அறிவிப்பு செல்லும் என்றது, நாடாளுமன்றம் நீட்டிக்க நீட்டிக்க 2019 கடைசி வரை போனது. ஆனாலும் கேட்பதற்கு ஓர் இடம் இருந்தது, பதில் சொல்லக் கெடு இருந்தது. அந்தக் கெடுவைக் கோரி நியமித்த ஆணையம் எழுதியது. 1987 பிப்ரவரி 2 மக்கள் வாக்கெடுப்பில் நாலில் மூன்று பேர் ஆமோதித்தார்கள்.

கேசான் சிட்டி

சண்டை போதும். நினைவு, மரபு என்று பேசுகிறோம், பதினெட்டு வயதுப் பிள்ளை கையில் தினசரி படும் மரபு எது தெரியுமா? சங்குனியாங் கபாதான், பராங்காய் (மிகச் சிறிய உள்ளாட்சி வட்டாரம்) அளவிலான இளைஞர் மன்றம். மார்கோஸ் காலத்தில் இருந்தது கபாதாங் பராங்காய், தலைவி அவர் மகள் இமீ. 1977-இல் ஒரு திறந்த கூட்டத்தில் ஆர்க்கிமிடீஸ் த்ரஹானோ என்ற மாணவர் எழுந்து இமீ ஏன் அந்தப் பதவியில் இருக்க வேண்டும் என்று கேட்டார். பிறகு பிணமாகத்தான் கிடைத்தார். ஹவாய் நீதிமன்றத்தில் த்ரஹானோவின் தாய் போட்ட வழக்கில் இமீ ஆஜராகாததால் எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு அவருக்கு எதிராக வந்தது. அந்த அமைப்பின் இடத்தில் 1991 உள்ளாட்சிச் சட்டம் கொண்டுவந்ததுதான் இன்றைய மன்றம். கோரி கையெழுத்திட்ட சட்டம்.

யாரும் கேட்கவில்லை என்றாலும் நடைமுறையைச் சொல்லிவிடுகிறேன், அங்கே படிக்கும் பிள்ளைகள் யாராவது வாசித்தால் உதவும். 15 முதல் 30 வயதுவரை பராங்காயில் குடியிருப்பவர்கள் வாக்காளர்கள். போட்டியிட 18 முதல் 24. பராங்காயின் பொது நிதியில் 10 சதவீதம் இளைஞர் மன்றத்துக்கு. மூன்று வருடத்துக்கு ஒரு வளர்ச்சித் திட்டம், அதிலிருந்து வருடாவருடம் ஒரு செலவுத் திட்டம். அந்த இரண்டாவது தாளில் இல்லாத செலவுக்குப் பணம் எடுக்க முடியாது. ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது இளைஞர் பேரவை, அதாவது அந்த வாக்காளர்கள் அனைவரும், கூட வேண்டும்.

எங்கே கெடுகிறது? பேரவையைக் கூட்டாமல் போன வருடத் தாளையே தேதி மாற்றி ஒட்டுவார்கள். கூட்டம் நடக்கவில்லை என்றால் யார் தேவை எது என்று தெரியாது, ஆகவே எல்லாருக்கும் தெரிந்த கூடைப்பந்துப் போட்டிக்கும் சீருடைக்கும் காசு போகும். ஆகவே முதலில் கேட்க வேண்டியது பேரவைக் கூட்டத்தின் குறிப்பேடு. அடுத்து செலவுத் திட்டம். மூன்றாவது, அந்தத் திட்டத்தின் எந்த வரிக்கு எந்த ரசீது என்பது. "பணம் எங்கே போச்சு" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும்.

இன்னொன்று. 2016-இல் திருத்திய சட்டப்படி, பதவியில் இருக்கும் உள்ளூர்த் தலைவர்களின் பிள்ளை, உடன்பிறந்தவர், பேரப்பிள்ளை போன்ற நெருங்கிய உறவுகள் போட்டியிட முடியாது. அரசியல் குடும்பங்களைத் தடுக்க வேண்டும் என்று 1987 அரசமைப்பு சொல்லியும், நாடாளுமன்றம் தனக்கென்று அப்படி ஒரு சட்டம் போடவே இல்லை. பிள்ளைகளுக்கு மட்டும் போட்டது. அதில் கையெழுத்திட்டவர் அப்போதைய அதிபர், கோரியின் மகன் நோய்நோய்.

பணத்தாள் சேகரிப்பவர்

சின்னத் தகவல். 500 பெசோ தாளில் 1987 முதல் நினோய், 2010-இல் வந்த தாளில் பக்கத்தில் கோரியும் சேர்ந்தார். 2024 டிசம்பரில் வெளியான பாலிமர் 500-இல் இருவரும் இல்லை, விசாயப் புள்ளிமான் இருக்கிறது. "அழித்துவிட்டார்கள்" என்று ஒரு பக்கம் கொதிப்பு. பழைய தாள் செல்லாது என்று கடைகளில் வரும் பேச்சு தவறு, காகிதத் தாளும் கூடவே செல்லும். 50, 100, 1000 பாலிமரிலும் விலங்கு, பறவைகள்தான்.

சட்டம் படிப்பவள்

தாளைவிட எனக்குப் பாடத்திட்டம்தான் கவலை. 2023-இல் ஆறாம் வகுப்புப் பாடத்தில் "மார்கோஸ் சர்வாதிகாரம்" என்றிருந்தது "சர்வாதிகாரம்" என்று மட்டும் ஆனது. ஆனால் மார்கோஸின் இராணுவச் சட்டக் காலத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்காக 2013-இல் வந்த நஷ்டஈட்டுச் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது. மார்கோஸ் பதுக்கி, சுவிஸ் வங்கியிலிருந்து மீட்ட 1,000 கோடி பெசோவிலிருந்து 11,103 பேருக்கு ஈடு கொடுத்த சட்டம். சித்திரவதை, காணாமல் போனது, கொலை என்று அனுபவித்த கொடுமைக்கேற்ப 1 முதல் 10 வரை புள்ளி. இராணுவச் சட்டக் கால மீறல்களைப் பள்ளி, கல்லூரிகளில் கற்பிக்க வேண்டும் என்பதும் அதில் எழுதப்பட்டிருக்கிறது. ஆசிரியர்கள் அந்தப் பிரிவைக் காட்டிப் பெயரோடு பாடம் நடத்தலாம்.

தார்லாக் கரும்புக்காடு

சட்டம் படிக்கும் தங்கைக்கு: கெடு இருந்தது என்றீர்கள், ஒப்புக்கொள்கிறேன். லுயிசிட்டா தீர்ப்பும் அதே அரசமைப்பின் கீழ்தான் வந்தது.

ஆனால் சீட்டில் நிலம் விழுந்த பிறகு என்ன ஆனது என்பதையும் பாருங்கள். ஒன்றரை ஏக்கர் கரும்பு போட உழவு, விதைக்கரணை, உரம், வெட்டுக்கூலி எல்லாம் முன்பணம். கரும்பு வெட்டுக்கு வரப் பத்து பன்னிரண்டு மாதம். பயிர்க்கடன் இல்லாதவர்கள் நிலத்தை ஆர்யெண்டோவுக்கு, அதாவது மொத்தக் குத்தகைக்கு, பணம் உள்ளவரிடம் விட்டுவிட்டுத் தங்கள் நிலத்திலேயே கூலிக்குப் போனார்கள். 2023 ஜூலையில் மார்கோஸின் மகன் அதிபராகக் கையெழுத்திட்ட சட்டம் நிலச்சீர்திருத்தப் பயனாளிகளின் கடன் 5,700 கோடி பெசோவுக்கு மேல் தள்ளுபடி செய்தது. அதைக் காட்டித்தான் ஊரில் பல இளைஞர்கள் "பெரியவர் மகன்தான் கடனை விடுவித்தார்" என்கிறார்கள். அந்தத் தள்ளுபடி அரசுக்குக் கட்ட வேண்டிய நிலக்கடனுக்கு மட்டும். குத்தகைக்காரரிடம் வாங்கிய பணத்தை அது தொடாது. அதைத் திருப்பிக் கொடுத்தால்தான் உழ நிலம் கையில் வரும்.