துருவ ஒளியில் ரேடார் எதைப் பார்க்கிறது?

விண்வாசகி:
ஒரு சந்தேகம். துருவ ஒளி வெறும் வெளிச்சம்தானே, ரேடார் அலை எதன்மேல் பட்டுத் திரும்புகிறது? கண்ணுக்கே தெரிகிற ஒன்றுக்கு ரேடார் எதற்கு? இதை முதலில் யார் செய்து பார்த்தார்கள்?

பழைய ஆன்டெனா:
வெளிச்சத்தின் மேல் எதுவும் படுவதில்லை. ஒளி தெரியும் பகுதியில், சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில், எலக்ட்ரான்கள் மின்னோட்டமாகப் பாய்கின்றன. ஓட்டம் வேகம் பிடித்தால், காற்றடிக்கும் குளத்தைப் போல அதில் சிற்றலைகள் எழும். ரேடாரின் அலைநீளத்தில் சரிபாதி இடைவெளி உள்ள சிற்றலைகள்தான் எதிரொலியைத் திருப்பி அனுப்பும். 50 மெகாஹெர்ட்ஸ் ரேடாருக்கு அலைநீளம் 6 மீட்டர். அதன் கண்ணில் படுவது 3 மீட்டர் சிற்றலை.

நான் வெகுநாளாக அமெச்சூர் வானொலிக்காரன். 144 மெகாஹெர்ட்ஸில் துருவ ஒளியில் பட்டு வந்த மோர்ஸ் (புள்ளி-கோடு தந்திக் குறியீடு) ஒலிப்பதிவு ஒன்றைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். மோர்ஸ் விசில் மாதிரி கேட்கவேண்டும். இதில் சுருதியே கிடையாது. உஸ்... உஸ்ஸ்ஸ்... உஸ் என்று, காய்ந்த மணலைத் தகரத்தில் தேய்ப்பது போல. ஒவ்வொரு சிற்றலையும் ஒவ்வொரு வேகத்தில் ஓடுவதால், ஒரே சுருதி பல அதிர்வெண்களாகச் சிதறிவிடுகிறது. அதிர்வெண் எவ்வளவு மாறுகிறது என்று அளந்தால் மேலே இருக்கும் ஓட்டத்தின் வேகத்தை மதிப்பிடலாம். உங்கள் இரண்டாவது கேள்விக்கு இதுதான் பதில். மேகமோ பகல் வெளிச்சமோ ரேடாரைத் தடுக்காது என்பது கூடுதல் லாபம்.

1930களின் கடைசியில் நார்வேயின் டிரோம்சோவில் லெய்வ் ஹராங் குழுவினர் இத்தகைய எதிரொலிகளைக் கண்டார்கள். 1947இல் இங்கிலாந்தின் ஜோட்ரல் பேங்க் ஆய்வு நிலையத்தில், போரில் மிஞ்சிய கருவிகளை வைத்து எரிகற்களைத் தேடிக்கொண்டிருந்த பெர்னார்ட் லோவல் குழுவுக்கும் துருவ ஒளி எதிரொலி கிடைத்தது.

விண்வாசகி:
அப்படியானால் துருவ ஒளிக்கு நேர் கீழே ரேடாரை வைத்தால் இன்னும் நன்றாகத் தெரியுமே?

பழைய ஆன்டெனா:
அங்கேதான் ஏமாற்றம்! சிற்றலைகள் பூமியின் காந்தப்புலக் கோடுகளை ஒட்டி நீண்டிருக்கும். ரேடார் கதிர் அந்தக் கோட்டைக் கிட்டத்தட்ட செங்குத்தாகச் சந்தித்தால்தான் எதிரொலி. துருவப் பக்கம் கோடுகளே ஏறக்குறைய நிமிர்ந்து நிற்பதால், தெற்கே தள்ளி நின்று தாழ்வாக வடக்கு நோக்கிப் பார்க்கவேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம்: இந்தச் சிற்றலைகள் எப்படிப் பிறக்கின்றன என்பதற்கான விடையில் பாதி நிலநடுக்கோட்டிலிருந்து வந்தது. பெருவின் ஹிகமார்க்கா ரேடார் அங்குள்ள மின்னோட்டத்தில் கண்ட எதிரொலிகளுக்கு 1963இல் டொனால்ட் ஃபார்லி விளக்கம் தந்தார். அதே ஆண்டு ஆஸ்கர் பூனமனும் தனியாக அதே முடிவுக்கு வந்தார். அதே கணக்கு துருவ ஒளிக்கும் பொருந்திவிட்டது.

இரவுப்பணி:
நேர் கீழே நின்று பார்க்க வேறு வழி உண்டு. சிற்றலை இல்லாவிட்டாலும் எலக்ட்ரான்கள் துளித்துளியாக அலையைச் சிதறடிக்கும், ஆனால் மிக மிக மெலிதாக. வில்லியம் கார்டன் 1958இல் இதைக் கணித்தார். அதே ஆண்டு கென்னத் பவுல்ஸ் இல்லினாயில் பிடித்தே காட்டினார். இந்த முறையில் எலக்ட்ரான் அடர்த்தி, வெப்பநிலை எல்லாம் உயரம் உயரமாகக் கிடைக்கும். 1981இல் இயங்கத் தொடங்கிய டிரோம்சோவின் ஐஸ்காட் ரேடார் இந்த வகைதான்.

கதிர்வழி:
விண்வெளி வானிலை, அதாவது சூரியனின் சீற்றங்களும் அவற்றின் விளைவுகளும், ரேடாரையே குழப்பிய கதையும் இருக்கிறது. 1942 பிப்ரவரியில் பிரிட்டனின் ராணுவ ரேடார்களில் பலத்த இரைச்சல். எதிரியின் வேலை என்றே நினைத்தார்கள். ஆனால் இரைச்சல் வந்த திசை சூரியனோடு சேர்ந்தே நகர்ந்தது. அப்போது சூரியனில் பெரிய கரும்புள்ளிக் கூட்டம் இருந்ததையும் ராணுவ ரேடார் ஆய்வாளர் ஜே.எஸ். ஹே கவனித்தார். போர் முடியும்வரை இது ரகசியம்.

1967 மே 23 இன்னும் பயங்கரம். அலாஸ்கா, கிரீன்லாந்து, இங்கிலாந்து மூன்று இடங்களிலும் அமெரிக்காவின் ஏவுகணை எச்சரிக்கை ரேடார்கள் ஒரே நேரத்தில் திணறின. சோவியத் தாக்குதலுக்கு முன்னோட்டமோ என்ற அச்சத்தில் விமானங்கள் தயார் நிலைக்குப் போயின. இது சூரிய வெடிப்பின் வேலை என்று விமானப்படையின் சூரியக் கண்காணிப்பாளர்கள் சரியான நேரத்தில் சொன்னதால் விமானங்கள் கிளம்பவில்லை.